எதிரே வந்த வெளிச்சம் எவ்வளவு தூரத்தில் இருந்தது?



வழக்கமாக இந்தப் பக்கத்தில் கல்வி உதவித்தொகை விண்ணப்பம், ஜகாத் பங்கீடு, மருத்துவ உதவிக் கணக்கு என்று எழுதுவேன். இம்முறை பதினோராம் வகுப்பு இயற்பியல் பாடம் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். "செயலாளருக்கு வேறு வேலை இல்லையா?" என்று நினைக்க வேண்டாம். மருத்துவ உதவிக் கணக்கில்தான் இது தொடங்கியது.

சில மாதங்களுக்கு முன், சிப்காட்டில் வேலை பார்க்கும் நம் மஹல்லா இளைஞர் ஒருவர் இரவு ஷிப்ட் முடிந்து பைக்கில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். முன்னால் போன லாரியை முந்தும்போது எதிரே வந்த வேன் மோதிவிட்டது. தலையில் ஹெல்மெட் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ், உயிர் தப்பினார். தொடை எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். செலவில் ஒரு பகுதியை நம் டிரஸ்ட் கொடுத்தது. பார்க்கப் போயிருந்தபோது அவர் சொன்னது இதுதான்:

"மாமு, நான் குடிக்கிறவன் இல்ல, தூங்கி வழியல. ரோடு காலியாத்தான் இருந்துச்சு. எதிர்ல வந்த லைட் ரொம்ப தூரத்துல இருந்துச்சு. எங்க தப்பு பண்ணேன்னே இன்னும் புரியல."

எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை. அவருடைய தங்கை நம் டிரஸ்டின் மாலை நேர வகுப்பில் பிளஸ் ஒன் படிக்கிறாள். அந்த வாரம் இயற்பியல் ஆசிரியர் 'சார்புத் திசைவேகம்' நடத்திக்கொண்டிருந்தார். அந்தப் பெண் எழுந்து, தன் அண்ணனுடைய விபத்தையே கணக்காகப் போட முடியுமா என்று கேட்டாள். போட்டார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நானும் கேட்டேன். அன்று தெரிந்துகொண்டதை எல்லாக் குடும்பத்துக்கும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

யாரை வைத்து அளக்கிறோம்?

நம் ஊரில் ரயில் நிலையம் இல்லை. ரயிலேற கும்மிடிப்பூண்டிக்கோ திருவள்ளூருக்கோ போகிறோம். அங்கே எல்லோருக்கும் ஓர் அனுபவம் இருக்கும். நம் வண்டி நின்றுகொண்டிருக்கிறது. பக்கத்துத் தண்டவாளத்து வண்டி மெதுவாக நகர்கிறது. ஒரு நொடி நம் வண்டிதான் கிளம்பிவிட்டது என்று நினைக்கிறோம். மறுபக்க ஜன்னல் வழியாக பிளாட்பாரத் தூணைப் பார்த்த பிறகுதான் உண்மை தெரிகிறது.

அந்தத் தூணைப் பார்த்தோமே, அதைத்தான் இயற்பியலில் 'குறிப்பாயம்' என்கிறார்கள். ஒரு பொருள் நகர்கிறதா, எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று சொல்வதற்கு முன்னால், எதை வைத்து அளக்கிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும். வேகம் என்பது எப்போதும் 'இன்னதைப் பொறுத்து' வேகம். ஓடும் பஸ்ஸில் உங்கள் மடியில் தூங்கும் குழந்தை உங்களைப் பொறுத்து அசையவே இல்லை. சாலையோரம் நிற்பவரைப் பொறுத்து அந்தக் குழந்தை மணிக்கு 50 கிலோமீட்டரில் போகிறது. இரண்டும் சரியே.

ஒரே திசையில் போகும் இரண்டு வண்டிகளுக்கு இடையே உள்ள வேகம், இரண்டின் வித்தியாசம். எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளுக்கு இடையே உள்ள வேகம், இரண்டின் கூட்டல். பாடம் இவ்வளவுதான். இதை மறப்பதால் வரும் ஆபத்து பெரிது.

நம் வானத்தில் நடந்த உதாரணம்

ஸ்ரீஹரிகோட்டா நம் ஊரிலிருந்து நேராக அளந்தால் ஐம்பது, அறுபது கிலோமீட்டருக்குள்தான். ராக்கெட் கிளம்பும் நாளில் மொட்டை மாடிக்கு ஏறி வடகிழக்கே பார்ப்பது நம் பிள்ளைகளுக்குப் பழக்கம். 2024 டிசம்பர் 30 இரவு 10 மணிக்கு ஒரு பி.எஸ்.எல்.வி. ராக்கெட் கிளம்பியது நினைவிருக்கலாம். அதில் தலா சுமார் 220 கிலோ எடையுள்ள இரண்டு செயற்கைக்கோள்கள் போயின. திட்டத்தின் பெயர் ஸ்பேடெக்ஸ். இரண்டும் வானத்தில் ஒன்றோடொன்று இணைய வேண்டும் என்பதே நோக்கம்.

பூமியைப் பொறுத்து அவை ஒவ்வொன்றும் மணிக்கு 27,000 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. இந்த வேகத்தில் போகும் இரண்டு இரும்புப் பெட்டிகளை எப்படிச் சேர்ப்பது? பதில் எளிது: இரண்டும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே வேகத்தில் போகும்போது, ஒன்றைப் பொறுத்து மற்றொன்று நின்றுவிடும். இணையும் நேரத்தில் அவை நெருங்குவதற்குத் திட்டமிட்ட வேகம் விநாடிக்கு 10 மில்லிமீட்டர் அளவுதான், அதாவது ஒரு சென்டிமீட்டர். சுவரில் ஊரும் எறும்பின் வேகம் என்று சொல்லலாம்.

அவசரமும் படவில்லை. ஜனவரி 12 அன்று 3 மீட்டர் தூரம் வரை நெருங்கிவிட்டு, மீண்டும் பாதுகாப்பான தூரத்துக்கு விலக்கினார்கள். தரவுகளைச் சரிபார்த்த பிறகு 2025 ஜனவரி 16 அன்றுதான் இணைத்தார்கள். ரஷ்யா, அமெரிக்கா, சீனாவுக்கு அடுத்து இதைச் செய்த நான்காவது நாடு நம் நாடு. சாலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் இந்தப் பொறுமையை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பூமி சுற்றினால் நமக்கு ஏன் தெரியவில்லை?

வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "சார், பூமி சுத்துதுன்னா, ஹெலிகாப்டர்ல மேல போயி சும்மா நின்னா போதுமே, கீழ மக்கா வந்துடாதா? டிக்கெட் செலவு மிச்சம்." எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கேள்வி நல்ல கேள்வி.

நம் ஊர் இருக்கும் இடத்தில் பூமியின் சுழற்சி வேகம் மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கும் அதிகம், மேற்கிலிருந்து கிழக்காக. நாம், நம் வீடு, கொசஸ்தலையாறு, ஆரணியாறு, நம்மைச் சுற்றியுள்ள காற்று எல்லாமே அதே வேகத்தில் சேர்ந்து போகின்றன. தரையிலிருந்து எழும்பும் ஹெலிகாப்டரும் அந்த வேகத்தோடுதான் எழும்புகிறது, அந்தக் காற்றில்தான் நிற்கிறது. அதனால் கீழே ஊர் நகர்ந்துவிடாது. ஓடும் பஸ்ஸில் ஒரு நாணயத்தைச் சுண்டிப் போட்டால் அது உங்கள் கைக்கே திரும்பி வருவதும் இதனால்தான்.

இத்தாலியின் கலிலியோ 1632-இல் வெளியிட்ட நூலில் இதை ஒரு கப்பலை வைத்து விளக்கினார். கப்பலின் உள்ளறையில் கதவை அடைத்துக்கொண்டு, பறக்கும் பூச்சிகளையும் சொட்டும் தண்ணீரையும் கவனியுங்கள். கப்பல் ஒரே சீராகப் போனால், அது போகிறதா நிற்கிறதா என்று உள்ளே இருந்து கண்டுபிடிக்க முடியாது என்பது அவர் சொன்னதன் சாரம்.

அதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் முன்பே, 499-இல், நம் நாட்டு ஆரியபட்டர் படகை உவமையாகச் சொன்னார். முன்னோக்கிப் போகும் படகில் இருப்பவனுக்குக் கரையில் உள்ளவை பின்னோக்கிப் போவதாகத் தெரிவது போல, சுழலும் பூமியில் இருக்கும் நமக்கு விண்மீன்கள் மேற்கே போவதாகத் தெரிகின்றன என்பது அவர் கருத்து. பதினோராம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி ஆராய்ந்து எழுதிய முஸ்லிம் அறிஞர் அல்பீரூனி, ஆரியபட்டரின் வழியினர் சொன்னதைத் தம் நூலில் எடுத்துப் பேசுகிறார். பூமி சுழல்கிறது என்று வைத்தாலும் வானியல் கணக்குகளுக்குப் பாதகம் வராது, வானில் தெரிபவற்றை இரண்டு விதமாகவும் விளக்கலாம் என்று அவர் எழுதினார். குறிப்பாயத்தை மாற்றிப் பார்க்கும் துணிவு அவருக்கு அன்றே இருந்தது. அந்த அறிஞரின் வழிவந்தவர்கள் என்று பெருமைப்படும் நாம், நம் பிள்ளைகள் இயற்பியல் கஷ்டம் என்று குரூப் மாற்றிக்கொள்ள விட்டுவிடலாமா?

இந்தச் சுழற்சியை ஸ்ரீஹரிகோட்டாவில் லாபமாக்குகிறார்கள். கிழக்கு நோக்கி ராக்கெட் விட்டால், பூமி ஏற்கெனவே கொடுத்திருக்கும் விநாடிக்கு சுமார் 450 மீட்டர் வேகம் இலவசமாகக் கிடைக்கிறது. கிழக்கே கடல் இருப்பதால் கழன்று விழும் பாகங்களால் மக்களுக்கும் ஆபத்தில்லை. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 அங்கிருந்துதான் புறப்பட்டது.

தொழுகையில் நாம் ஏற்கெனவே அறிந்தது

இந்தப் பாடம் நமக்குப் புதிதும் இல்லை. ரயிலில் தொழுதவர்களுக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டியைத் தாண்டி நெல்லூர் வழியாக வடக்கே போகும் வண்டியில், கிப்லா வண்டியின் இடது பக்கம். தண்டவாளம் வளைந்தால் வண்டியைப் பொறுத்த திசை மாறுகிறது, பூமியைப் பொறுத்த கிப்லா மாறவில்லை. அப்போது தொழுகிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற சட்டத்தை ஆலிம் பெருமக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்வது இதை மட்டும்: 'இடது பக்கம்' என்பது வண்டியின் குறிப்பாயம், கிப்லா என்பது பூமியின் குறிப்பாயம். இரண்டையும் மனதில் பிரித்து வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள்தாம் நாம்.

2007 அக்டோபரில், ரமலான் மாதக் கடைசியில், மலேசியாவைச் சேர்ந்த மருத்துவர் ஷேக் முஸாஃபர் ஷுகோர் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனார். அந்த நிலையம் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவிடும். ஒரு நாளில் ஏறக்குறைய பதினாறு சூரிய உதயம். ஐவேளைத் தொழுகையை எதை வைத்துக் கணக்கிடுவது? மலேசிய மார்க்க அறிஞர்கள் கூடி வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டார்கள். நேரத்துக்கு, அவர் புறப்பட்ட இடத்தின் நேரத்தைப் பின்பற்றலாம். திசைக்கு, முடிந்தால் கஅபா. இல்லையேல் கஅபாவுக்கு நேர் மேலே உள்ள வான்பகுதி. அதுவும் இயலாவிட்டால் பூமி. அதுவும் இயலாவிட்டால் எத்திசையும். குறிப்பாயத்தைத் தெளிவாக முடிவு செய்துவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடுகிறது என்பதற்கு இது அழகான உதாரணம்.

இப்போது அந்த இரவுக்கு வருவோம்

பலகையில் போட்ட கணக்கு இது. லாரியின் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர், பைக்கின் வேகம் 60 என்று அந்தத் தம்பி சொன்னார். எதிரே வந்த வேனும் 60 என்று வைத்துக்கொண்டார்கள். லாரிக்குப் பின்னால் 10 மீட்டர் இடைவெளி, லாரியின் நீளம் 10 மீட்டர், முந்திய பிறகு பாதுகாப்பாக இடப்பக்கம் திரும்ப 10 மீட்டர். ஆக, லாரியைப் பொறுத்து பைக் 30 மீட்டர் முன்னேற வேண்டும்.

லாரியைப் பொறுத்து பைக்கின் வேகம் 60 இல்லை. வெறும் 10. அதாவது விநாடிக்கு 2.8 மீட்டர், கொஞ்சம் ஓட்டமாக நடப்பவரின் வேகம். 30 மீட்டர் கடக்க ஏறக்குறைய 11 விநாடி ஆகும்.

அந்த 11 விநாடியில் சாலையைப் பொறுத்து பைக் 180 மீட்டர் போய்விடுகிறது. எதிரே வரும் வேனும் 180 மீட்டர் வந்துவிடுகிறது. ஆக, முந்தத் தொடங்கும்போது எதிர் வண்டி குறைந்தது 360 மீட்டருக்கு அப்பால் இருந்திருக்க வேண்டும்.

"லைட் ரொம்ப தூரத்துல இருந்துச்சு" என்றாரே, அது 300 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இருட்டில் 300 மீட்டர் நிச்சயம் தொலைவாகத்தான் தெரியும். ஆனால் வேனைப் பொறுத்து பைக்கின் வேகம் 60-உம் 60-உம் சேர்ந்து 120. அந்த வேகத்தில் 300 மீட்டர் தூரம் 9 விநாடியில் தீர்ந்துவிடும். தேவைப்பட்டது 11. இருந்தது 9.

பலகையில் இந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்தபோது அந்தப் பெண் எதுவும் பேசவில்லை. வகுப்பும் பேசவில்லை.

அவர் செய்த தவறு இப்போது தெரிகிறது. ஒரே நேரத்தில் மூன்று குறிப்பாயங்கள் இருந்தன: லாரி, சாலை, எதிர் வண்டி. அவர் கண் லாரியின் மீதே இருந்தது. லாரியைப் பொறுத்து அவர் மெதுவாக, நிதானமாகத்தான் முந்திக்கொண்டிருந்தார். அந்த நிதானமே ஆபத்தாகிவிட்டது.

ஒரு மாணவன் கேட்டான்: "அப்படின்னா எண்பதுல போயி சீக்கிரமா முந்திடலாமே சார்?" கணக்குப்படி நேரம் குறையும், உண்மைதான். ஆனால் வண்டியை நிறுத்த வேண்டி வந்தால், வேகத்தின் இருமடிக்கு ஏற்ப பிரேக் தூரம் கூடும். 60-லிருந்து 80-க்குப் போனால் அது ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. மோதினால் உடம்பு வாங்கும் அடியும் அதே கணக்கில் கூடும். ஆகவே சரியான பதில் ஒன்றுதான்: நம் வேகத்துக்கு நெருங்கிய வேகத்தில் போகும் லாரியை இரவில் முந்தாதீர்கள். பின்னாலேயே வாருங்கள். ஊத்துக்கோட்டை வந்து சேர ஐந்து நிமிடம் தாமதமாகும். அவ்வளவுதான்.

வீட்டில் உள்ளவர்கள் கவனிக்க

ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்காதீர்கள். பஸ்ஸின் வேகம் உங்கள் உடம்பிலும் இருக்கிறது. கால் தரையைத் தொட்டதும் நின்றுவிடும், உடம்பின் மேல்பகுதி பஸ்ஸின் வேகத்திலேயே போகும். தலைகுப்புற விழுவது அதனால்தான். நம் தாய்மார்கள் பெரும்பாலும் பஸ்ஸின் பின்பக்கம் பார்த்து இறங்குகிறார்கள். அப்போது விழுந்தால் பின்மண்டை அடிபடும். வண்டி நின்ற பிறகு இறங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை. கண்டக்டர் அவசரப்படுத்தினாலும் சரி.

காரில் கைக்குழந்தையை மடியில் வைத்து முன் சீட்டில் உட்காராதீர்கள். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் கார் மோதி, பத்தில் ஒரு விநாடியில் நின்றுவிட்டால், 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த 110 கிலோ மூட்டையைத் தூக்கும் பலம் வேண்டும். எந்தத் தாயின் கையாலும் அது ஆகாது. பாசம் எவ்வளவு இருந்தாலும் விசையின் கணக்கு மாறாது.

மதரஸாவுக்கும் டியூஷனுக்கும் பிள்ளைகளை பைக்கில் மூவராக ஏற்றி அனுப்பாதீர்கள். ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டாமல் தலையில் மாட்டி, வார் பூட்டச் சொல்லுங்கள். அந்தத் தம்பி இன்று நம்மோடு பேசிக்கொண்டிருப்பதற்கு, அல்லாஹ்வின் நாட்டத்தோடு, அந்த ஹெல்மெட்டும் ஒரு காரணம்.

உயிர் என்பது அமானிதம். தவக்குல் வைப்பது கடமை. கயிற்றைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதே முறை என்று சிறு வயதில் ஹஜ்ரத் சொல்லிக் கொடுத்தார். சாலையில் அந்தக் கயிறு இந்தக் கணக்கு.

அந்தத் தம்பி இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். பலகையில் போட்ட கணக்கைத் தங்கை நோட்டில் எழுதிக்கொண்டு போய்க் காட்டினாளாம். நெடுநேரம் பார்த்துவிட்டு, "ரெண்டு செகண்டு" என்று மட்டும் சொன்னாராம். மறுநாள் எனக்குப் போன் செய்தார். சிப்காட்டுக்கு பைக்கில் போய்வரும் நம் மஹல்லா இளைஞர்களை ஒருநாள் கூட்டினால், தானே வந்து இதைச் சொல்வதாகக் கேட்டுக்கொண்டார். வரும் ஞாயிறு மக்ரிப் தொழுகைக்குப் பின் டிரஸ்ட் வகுப்பறையில், இன்ஷா அல்லாஹ், கூடுகிறோம். பைக் ஓட்டும் பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவராவது வாருங்கள். பிளஸ் ஒன் பிள்ளைகள் நோட்டும் பேனாவும் கொண்டு வரட்டும். கணக்கைப் பலகையில் அவர்களே போடுவார்கள்.

அல்லாஹ் நம் அனைவரின் பயணங்களையும் பாதுகாப்பானதாக ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்